கரிசல் வளம்

பண்டைத் தமிழர் நிலத்தை மென்புலம், வன்புலம் என்று இரண்டாகப் பகுத்துக் கண்டனர். மருதமும் நெய்தலும் மென்புலம். குறிஞ்சியும் முல்லையும் வன்புலம். ஆற்றுநீர் பாய்ந்து நெல் விளையும் மருதத்தின் செழிப்பு தமிழ் இலக்கியத்தில் மிக விரிவாகப் பாடப்பெற்றுள்ளது. வானத்து மழையன்றி வேறு நீரறியாத புன்செய்ச் சமவெளியின் பொருள்வளமோ அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. அத்தகைய சமவெளிகளுள் ஒன்று தென்தமிழகத்தின் கரிசல் நிலம்.

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதிகளும், விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டை பகுதிகளும், தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில், குருவிகுளம் வட்டாரங்களும் சேர்ந்த பரப்பே கரிசல் சீமை எனப்படுகிறது. இராமநாதபுரம், மதுரை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இம்மண் பரந்துள்ளது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கரிய மண். இடையிடையே வேலியாக நிற்கும் உடைமரங்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் வைப்பாறு. அலுவல் ஏடுகள் இதனை வறட்சிப் பகுதி என்று குறிக்கின்றன. மக்கள் வழக்கில் இது 'வானம் பார்த்த பூமி'.

ஆயினும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 'திருநெல்வேலிப் பருத்தி' இந்நிலத்தில்தான் விளைந்தது. நாட்டின் அடுப்பங்கரைகளுக்குத் தீப்பெட்டி பெருமளவில் இங்கிருந்தே சென்றது. பாரதியார் பிறந்ததும் வ.உ. சிதம்பரனார் பிறந்ததும் இம்மண்ணில்தான். சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் ஐவரை ஒரு சிறு வட்டாரம் தந்திருக்கிறது. வறண்டது என்று பெயர் பெற்ற நிலம் இவ்வளவையும் எவ்வாறு தந்தது என்பது ஆராயத்தக்கது.

மண்ணின் இயல்பு

கரிசல் மண்ணின் சிறப்பு அதன் களித்தன்மையில் உள்ளது. மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமக் கனிமம் இதில் மிகுதி. நீர் பட்டால் இது பருத்து விரியும், காய்ந்தால் சுருங்கும். தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து தோன்றியது. தென்தமிழகக் கரிசலோ பெரும்பாலும் வேறுவகைப் பாறைகள் வறண்ட தட்பவெப்பத்தில் சிதைந்து உருவானது. தோற்றம் வேறாயினும் குணம் ஒன்றே.

சித்திரை, வைகாசி வெயிலில் கரிசல் காட்டில் நடப்பவர் காலைப் பார்த்து வைக்க வேண்டும். நிலம் பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் அளவிற்குப் பிளந்து கிடக்கும். காற்றிலும் கால்நடைகளின் குளம்படியிலும் மேல்மண் உதிர்ந்து அவ்வெடிப்புகளில் விழும். மழை பெய்ததும் வெடிப்புகள் மூடிக்கொள்ள, மேல்மண் கீழாகவும் கீழ்மண் மேலாகவும் மாறும். ஆண்டுதோறும் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று இதனைக் கூறுவது இதனால்தான். முதல் மழைநீர் வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கு இறங்கிவிடும். அவ்வாறு இறங்கிய ஈரத்தை மண் எளிதில் விடுவதில்லை. மழை நின்று பல வாரங்கள் ஆன பின்னும் பயிரின் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே செல்கிறது. கரிசலின் நீர்த்தேக்கம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது எனலாம்.

இதே குணம் உழவருக்கு இடரும் ஆகும். நனைந்த கரிசல் குழைந்து காலில் அப்பிக்கொள்ளும்; ஏரும் வண்டியும் இறங்க இயலாது. காய்ந்த கரிசலோ இறுகிப் போகும். நனைவிற்கும் காய்வுக்கும் இடைப்பட்ட சில நாள்களே உழவுக்கு ஏற்றவை. அந்நிலையைப் 'பதம்' என்பர். பதம் தவறினால் பருவம் தவறும். நிலத்தடி நீரை இறைத்துத் தப்பிக்கவும் வழியில்லை; பல ஊர்களில் அது உவர்நீர். எனவே குடிநீருக்கு ஊருணியும், கால்நடைகளுக்கும் சிறுபாசனத்திற்கும் கண்மாயும் உயிர்நாடிகளாயின.

மழைக்கு முந்திய விதைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் கரிசல் நிலம் மழைமறைவுப் பகுதியாக அமைந்துள்ளது. மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை 900 மி.மீ.க்கு மேல் இருக்க, கோவில்பட்டி வட்டாரத்தில் அது ஏறத்தாழ 700 மி.மீ. அளவே. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடுகிறது. ஆண்டு முழுவதற்குமான வேளாண்மை ஏறக்குறைய பத்து வாரங்களுக்குள் முடிவாகிவிடுகிறது என்பது பொருள்.

இச்சூழலில் மழை பெய்த பின் விதைக்கலாம் என்று காத்திருப்பவர் இழப்பவர். மழை பெய்தால் மண் குழைந்து ஏர் இறங்காது. பதம் வரும்வரை காத்திருக்கும் நாள்களில் பெய்த மழை பயிருக்குப் பயன்படாமல் கழியும். ஆகவே கரிசல் உழவர் புரட்டாசியிலேயே, மழைக்கு முன்னரே, காய்ந்த புழுதியில் விதைக்கின்றனர். வேறு நிலத்தவருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். வானில் மேகமே இல்லாத ஒரு நாளில், நீர்ப்பசையற்ற மண்ணில், வீட்டில் சேமித்த விதையை முழுவதும் கொட்டிவிட்டு வருவது எளிய செயலன்று.

ஆனால் அது வெறும் துணிவும் அன்று. விதை ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்தில் இடப்படுகிறது. மேலாகப் பெய்யும் தூறல் அந்த ஆழத்தை எட்டாது. விதை முளைக்காமல் உறங்கும். சற்றே நனைந்து முளைவிட்டு, பின் மழையின்றிக் கருகும் ஆபத்து இதனால் குறைகிறது. 20 மி.மீ.க்குக் குறையாத நல்ல மழை பெய்து, ஈரம் அடிவரை இறங்கினால்தான் முளை கிளம்பும். அதாவது, எந்த மழையை நம்பலாம், எதனை நம்பலாகாது என்னும் முடிவை உழவர் விதைப்பின் ஆழத்திலேயே எழுதிவிடுகிறார். மழையின் அளவைக்கூட அவர் மண்ணைக் கொண்டே கூறுவார். ஏர் இறங்கும் ஆழத்திற்கு ஈரம் சென்றால் அது 'ஓர் உழவு மழை'.

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், புன்செய் வேளாண்மைக்கென நாட்டில் அமைந்த பழைய ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்று. முன்பருவ விதைப்புக்கு உரிய வாரங்களைக் கணக்கிட்டு உரைத்ததும், விதையை உப்புக்கரைசலில் ஊறவைத்து உலர்த்தி வறட்சியைத் தாங்கச் செய்யும் 'விதைக் கடினப்படுத்துதல்' முறையைப் பரப்பியதும் அதன் பணிகள். உழவர் அறிவும் ஆய்வறிவும் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட நல்ல சான்றுகளுள் இது ஒன்று. பருத்தி, சோளம், மிளகாய் ஆகியவற்றில் 'கே' என்னும் எழுத்தோடு எண் சேர்த்து வழங்கும் இரகங்கள் பல இந்நிலையம் வெளியிட்டவை.

பல பயிர் வேளாண்மை

கரிசல் புன்செய்யில் ஒரு பயிரை மட்டும் விதைப்பது பழைய வழக்கமன்று. பருத்திச் சாலுக்கு இடையே உளுந்தும் பாசியும், கம்போடு தட்டைப்பயறும், ஓரங்களில் ஆமணக்கும் இடம்பெறும். உளுந்து விரைந்து விளைந்து முதலில் வீடு சேரும். கம்பும் சோளமும் குதிரைவாலியும் உணவாகும். சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனமாகிப் படப்பில் ஏறும். பருத்தி கடைசியாகப் பணமாகும். பருத்தி எடுத்து முடிந்தபின் எஞ்சிய பருத்திமாரும் அடுப்பெரிக்க உதவும். மழை எவ்வளவு பெய்தாலும், எங்கே நின்றாலும், ஏதேனும் ஒன்று மிஞ்சும் என்பதே இக்கலப்பின் கணக்கு.

மழை பிந்தினாலும் ஒரு மாற்று உண்டு. பருத்திக்குரிய நாள் கடந்துவிட்டால் சோளம் போடுவர். அதுவும் கடந்தால் கொத்தமல்லியோ கொண்டைக்கடலையோ விதைப்பர். இவ்விரண்டும் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் மார்கழி, தையில் இறங்கும் பனியையும் கொண்டே விளைந்துவிடும் என்பது உழவர் நம்பிக்கை. ஒரு வாயில் அடைபட்டால் அடுத்த வாயில் எது என்பதை அறிந்திருந்தமையே இங்குச் செல்வமாகக் கருதத்தக்கது. மிளகாய் வற்றல், மல்லி, உளுந்து, எள், பருத்தி என இத்தனை சரக்கும் ஒரே வட்டாரத்தில் விளைந்ததால்தான் விருதுநகர் பெரும் தானியச் சந்தையாக வளர்ந்தது. 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' இன்றும் நாளிதழ்களில் தனித்தலைப்பாக இடம்பெறுகிறது.

மண்ணுக்கு உரமிட்டவை ஆடுகள். கோடையில் நிலம் வெறுமையாய்க் கிடக்கும்போது கிடைக்காரர்கள் செம்மறி மந்தைகளை இரவில் புன்செய்யில் அடைப்பர். எத்தனை இரவு கிடை அமர்த்துவது என்பதற்கேற்பத் தானியமாகவோ பணமாகவோ கூலி பெறுவர். ஆட்டுப்புழுக்கையும் நீரும் கலந்த அம்மண்ணில் அடுத்த ஈராண்டுகளுக்கு விளைச்சல் தெரியும். உழவரும் ஆயரும் ஒருவரையொருவர் சார்ந்த இவ்வாழ்வைக் கி. ராஜநாராயணன் 'கிடை' என்னும் குறுநாவலின் களமாக்கினார். எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தை இச்சார்பின் இன்றைய எச்சம். தீபாவளி, பக்ரீத் காலங்களில் அதன் பரபரப்பைக் காணலாம்.

மற்றோர் உரம் கண்மாய் வண்டல். மழைநீர் அடித்துவரும் நுண்மண் கண்மாயின் அடியில் படியும். கோடையில் நீர் வற்றியதும் அதனை வெட்டி வண்டிகளில் ஏற்றிப் புன்செய்யில் பரப்புவர். நிலம் வளம்பெறும், அதே வேலையால் கண்மாயும் ஆழமாகும். தூர்வாருதல் என்று இன்று தனித்திட்டமாகச் செய்யப்படுவது, அன்று உரத்தேவையின் வழியே தானாக நடந்தேறியது. மடையைத் திறந்து முறைவைத்து நீர் விடும் நீர்ப்பாய்ச்சி, ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து ஆகியவை இவ்வமைப்பைக் காத்தன. சோ. தர்மனின் 'சூல்' நாவல் உருளைக்குடி என்னும் ஊரின் கண்மாயை நடுவாக வைத்து, இக்கட்டமைப்பு எவ்வாறு இருந்தது, எவ்வாறு குலைந்தது என்பதைக் காட்டுகிறது. 2019ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது அந்நாவலுக்கு வழங்கப்பெற்றது.

பருத்தியின் பயணம்

கரிசலின் புகழைக் கடல் கடந்து கொண்டு சென்றது பருத்தி. கருங்கண்ணி, உப்பம் என்னும் இரு நாட்டுப் பருத்திகள் இங்கு வழங்கின. இழைநீளத்தில் கருங்கண்ணி மேலானது. வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும். பூச்சிக்கும் எளிதில் இடங்கொடாது. புரட்டாசியில் விதைத்தால் மாசி முதல் காய் வெடிக்கும்.

பருத்தி எடுப்பு பெண்களின் வேலை. விடியற்காலைப் பனி உலரும் முன்னரே புன்செய்யில் இறங்கி, மடி நிறைய எடுத்து, பொழுது ஏறியதும் களத்தில் குவிப்பர். எடுத்த பருத்தியில் ஒரு பங்கே அவர்களுக்குக் கூலி. அப்பங்கினைக் கடையில் கொடுத்து வேண்டிய பண்டத்தை வாங்கிக்கொள்வர். பருத்தி நாணயமாகப் புழங்கிய காலம் அது. ஊர்க்கோவில் பொங்கலும் திருமணமும் பெரும்பாலும் பங்குனி, சித்திரைக்குப் பின் அமைந்ததற்கும் பருத்தி விற்ற பணமே காரணம்.

1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போர், அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குச் சென்ற பருத்தியைத் தடுத்தது. இந்தியப் பருத்தியின் விலை முன்பின் அறியாத உயரத்தைத் தொட்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகத் திருநெல்வேலிப் பருத்தி பெருமளவில் ஏற்றுமதியானது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. எங்கோ நிகழும் போர் தம் களத்துமேட்டு விலையைத் தீர்மானிக்கும் என்பதைக் கரிசல் உழவர் அப்போதே கற்க நேர்ந்தது. மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1876இல் வந்தது. கோவில்பட்டி, சாத்தூர் போன்ற ஊர்கள் சரக்கேற்றும் நிலையங்களாயின. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. வணிகம் வளர்ந்ததாலேயே மக்கள் வயிறு நிறைந்தது என்று கொள்வதற்கில்லை.

பருத்தியைத் தொடர்ந்து ஆலைகள் எழுந்தன. தூத்துக்குடிக் கோரல் ஆலையில் 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தை ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் வழிநடத்தினர். ஒன்பது நாள் நீடித்த அப்போராட்டம் கூலி உயர்வோடு முடிந்தது. கரிசல் மண்ணில் விளைந்த பஞ்சு, இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்கப் பக்கங்களில் ஒன்றையும் எழுதிற்று.

பின்னாளில் ஆலைகள் நீண்ட இழையை விரும்பின. பாசனத்தில் விளையும் கம்போடியா வகையும் அதன்பின் வந்த வீரிய ஒட்டு இரகங்களும் சந்தையைப் பிடித்தன. அவற்றின் முன் கருங்கண்ணி விலைபோகவில்லை. மண்ணுக்கு ஏற்ற பயிர் இயந்திரத்துக்கு ஏற்றதாக இல்லாமல் போனதே அதன் வீழ்ச்சிக்குக் காரணம்.

வெயிலில் வளர்ந்த தொழில்

பத்து வாரங்களே வேளாண்மைக்கு உரியனவாயின், மீதமுள்ள காலத்தில் மக்கள் என்ன செய்வர்? இக்கேள்விக்கு விடையாக வந்தது தீப்பெட்டித் தொழில். சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி இறக்குமதியான காலத்தில், சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றனர். மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். காற்றில் ஈரம் குறைந்திருந்ததும், மழைநாள்கள் குறைவாக இருந்ததும், மருந்து தோய்த்த குச்சி விரைவில் உலர உதவின. பயிருக்குப் பகையாகிய வெயில் தொழிலுக்கு நட்பாயிற்று.

குச்சிகளைச் சட்டங்களில் வரிசையாக அடுக்குவதைக் 'கட்டை அடுக்குதல்' என்பர். அடுக்கிய குச்சிகளின் நுனியை மெழுகில் தோய்த்து, பின்னர்ப் பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்தில் தோய்த்து உலர்த்துவர். பெட்டியின் பக்கவாட்டில் செம்பாஸ்பரசுக் கலவை பூசப்படும். பெட்டி ஒட்டும் வேலை வீடுகளிலேயே நடைபெற்றது. சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை எனக் கரிசல் ஊர்கள் பலவற்றிற்கும் இத்தொழில் பரவியது. பெட்டிமேல் ஒட்டும் வண்ணச் சீட்டுக்காக அச்சகங்கள் தோன்றின. அவ்வச்சகங்கள் நாள்காட்டி, நாட்குறிப்பு, நூல்கள் என வளர்ந்து சிவகாசியை அச்சுத்தொழில் நகரமாக்கின. பட்டாசுத் தொழிலும் இவ்வழியே வந்தது.

இவ்வளர்ச்சியின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. கட்டை அடுக்கிய விரல்களில் பல சிறுவர், சிறுமியர் விரல்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகள் விடியுமுன் ஆலை வண்டிகளில் ஏறினர். இது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தைகளின் கல்விக்கு வழிசெய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1956இல், விருதுநகரில் பிறந்த முதலமைச்சர் காமராசர், பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைப் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளை படிக்க இயலாது என்பதைக் கரிசலில் பிறந்தவர் அறிந்திருந்ததில் வியப்பில்லை.

தீப்பெட்டியைவிடச் சிறியதாயினும் இன்று பெயர்பெற்ற மற்றொரு பொருள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். வறுத்த நிலக்கடலையும் வெல்லப்பாகும் பதத்தில் சேர்வதே இதன் நுட்பம். பாகு ஒரு நொடி முந்தினால் ஒட்டும், பிந்தினால் கைக்கும். 2020ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மலையும் மொழியும்

கரிசல் சமவெளியின் நடுவே தனித்து எழும் கழுகுமலை, இந்நிலத்தின் தொன்மைக்குச் சான்று. அங்குள்ள வெட்டுவான் கோவில் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய ஒற்றைக்கல் கோவில். அடிப்பகுதி முற்றுப்பெறவில்லை. அதே மலையில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றைச் செய்வித்தோர் பெயர் கூறும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர் பெயர்களும் அவற்றுள் காணப்படுதல் குறிப்பிடத்தக்கது. வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்துள்ளன. பருத்தியோடு இவ்வட்டாரம் கொண்ட உறவு மிகப் பழையது என்பதைத் தக்களிகள் உணர்த்துகின்றன.

விசயநகரப் பேரரசின் காலத்திலும் அதன் பின்னரும் வடக்கிலிருந்து தெலுங்கு, கன்னடம் பேசும் மக்கள் பலர் இங்குக் குடியேறினர். காடு திருத்திக் கழனியாக்கிய அவ்வரலாற்றையே கி. ராஜநாராயணன் கோபல்ல கிராமக் கதைகளாக எழுதினார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருடைய ஊராகிய இடைசெவலிலேயே பிறந்தவர் கு. அழகிரிசாமி; 1970இல் அவ்விருதைப் பெற்றவர். ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே விருதைப் பெற்ற இரு நண்பர்கள் தமிழிலக்கிய வரலாற்றில் அரியர். மேலாண்மை பொன்னுச்சாமி, பூமணி, சோ. தர்மன் ஆகியோரும் இவ்வரிசையில் வந்தவர்கள்.

இவர்கள் எழுத்தின் பெரும்பேறு சொல்வளம். மண்ணின் பதம், மாட்டின் நடை, கதிரின் பருவம், மேகத்தின் நிறம் எனப் புழக்கத்திலிருந்து அகராதி ஏறாத சொற்கள் பலவற்றை அவர்கள் கதைகளில் பதிந்தனர். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையே தொகுத்தார். உழவர் ஒருவர் மழையை எவ்வளவு கூர்ந்து கவனித்தார் என்பதை அவர் மழைக்கு வைத்திருந்த சொற்களின் எண்ணிக்கையே காட்டிவிடும். தொழில் மறையும்போது சொல்லும் மறையும் என்னும் அச்சமே அவ்வகராதிக்குப் பின்னே நின்றது எனலாம்.

இன்றைய கரிசல்

இந்நூற்றாண்டில் கரிசல் நிலத்தின் பெரும்பரப்பை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. கோழித்தீவன ஆலைகள் அதனை வாங்குகின்றன. பறிக்கும் ஆள்தேவை குறைவு. பணம் விரைவில் கிடைக்கிறது. ஆயின் கலப்புப்பயிர் இருந்த இடத்தில் தனிப்பயிர் வந்ததன் விலையை உழவர் 2018இல் உணர்ந்தனர். அவ்வாண்டு இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, மக்காச்சோளக் காடுகளை அழித்தது. எஞ்சியதற்குக் காட்டுப்பன்றிகள் போட்டியிடுகின்றன. உளுந்து, கம்பு, பருத்தி என்று மூன்று வாயில்களை வைத்திருந்த நிலம், ஒற்றை வாயிலோடு நின்றபோது தாக்குதலைத் தாங்கவில்லை.

உழப்படாத புன்செய்களில் சீமைக்கருவேல் வளர்ந்து நிற்கிறது. அதனை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பாகியிருக்கிறது. விதைக்காமலேயே விளையும் ஒரே பயிர் இது. ஆனால் நிலத்தைத் திரும்பக் கொடுப்பதில்லை. கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல்கின்றன. கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் 2016இல் செயற்படத் தொடங்கியது. தீக்குச்சியை உலர்த்திய வெயிலை இப்போது மின்சாரமாக அறுவடை செய்கின்றனர். அவ்வருவாய் ஊருக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதும், மேய்ச்சல் நிலத்தை இழந்த கிடை எங்கே செல்வது என்பதும் விடை காணவேண்டிய கேள்விகள்.

தீப்பெட்டித் தொழிலும் உருமாறிவிட்டது. கட்டை அடுக்கிய கைகளின் இடத்தை இயந்திரங்கள் பெற்றுள்ளன. பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. மலிவான நெகிழிப் பற்றவைப்பான்கள் சந்தையைக் குறைத்தன. 20 ரூபாய்க்குக் குறைவான பற்றவைப்பான்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு 2023இல் தடைசெய்த பின் சற்றே மூச்சு வந்திருக்கிறது.

கைவிடப்பட்டவை சில மீண்டும் கேட்கப்படுகின்றன. சர்க்கரைநோய் பரவிய நகரங்கள் குதிரைவாலியையும் கம்பையும் தேடுகின்றன. ஒருகாலத்தில் ஏழையின் சோறு என்று ஒதுக்கப்பட்ட குதிரைவாலி இன்று அரிசியைவிட விலை கூடியதாக அங்காடிகளில் நிற்கிறது. பூச்சிமருந்தின்றி விளைவதாலும் இயற்கைச் சாயத்தை ஏற்பதாலும் கருங்கண்ணிப் பஞ்சுக்கும் கைத்தறியாளரிடையே ஒரு சிறு தேவை எழுந்துள்ளது. தேவை எழுந்த வேளையில் விதை எங்கே என்னும் வினாவும் எழுந்தது. சில மூத்த உழவர்களிடமும் ஆராய்ச்சி நிலையத்திலும் அது எஞ்சியிருந்தது.

கண்மாய் வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு 2017இல் வழிசெய்தது. மாட்டுவண்டிகள் சென்ற தடத்தில் இப்போது டிராக்டர்கள் செல்கின்றன. ஆவணியில் பரப்பிய அவ்வண்டலின் மேல், புரட்டாசி பிறந்ததும், கோவில்பட்டி வட்டாரத்து உழவர்கள் இன்றும் மழைக்கு முன்னரே விதைக்கின்றனர்.